வாடகை வீடும் வாயில்லா ஜீவனும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல; முன்பணத்தைப் பற்றியதும் அல்ல. "நீங்க எத்தனை பேர்?" என்பதுதான் அது. தண்ணீர்ச் செலவு, மின்சாரச் செலவு, மாடிப்படியில் ஏறி இறங்கும் சத்தம், வந்து போகும் உறவு ஜனம் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியால் அவர் அளந்துவிடுகிறார். சாதாரணமாக இதற்குப் பதில் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் ஒரு நாயோ பூனையோ வளர்க்கிறவர் மட்டும் ஒரு கணம் தயங்குகிறார். நாலு பேர் என்று சொல்வதா, ஐந்து பேர் என்று சொல்வதா? நாலு என்றால் மனசு உறுத்துகிறது. ஐந்து என்றால் அந்த ஐந்தாவது ஆள் யார் என்று விளக்க வேண்டும். விளக்கிய மாத்திரத்தில், பூட்டைத் திறக்க வந்த சாவி மறுபடியும் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது.

அந்த ஒரு கணத் தயக்கத்துக்குள் ஒரு தர்மப் பிரச்னை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்த வீடு இல்லாதவன் ஒரு பிராணிக்கு வீடு தருகிறேன் என்று சொல்லலாமா? சொல்லிவிட்டால், அந்தச் சொல் யாரை எதுவரை கட்டுப்படுத்தும்? இதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. பிராணி வளர்ப்பவர்கள் கூடிப் பேசினால் வீட்டுக்காரர் என்றாலே ஏதோ இரணியனுடைய வம்சம் என்பது போல ஆகிவிடுகிறது. அப்படி அல்ல. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு ஒரு மனிதர் மாடி கட்டியிருக்கிறார். அந்த வாடகைதான் அவருக்கு மருந்துச் செலவு. தேக்குக் கதவை நகம் கீறினால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். கீழ்ப் பகுதியில் குடியிருக்கும் அம்மாளுக்கு நாய் என்றால் நடுக்கம். எதிர் வீட்டுக் குழந்தைக்கு ரோமம் பட்டால் மூச்சு இழுக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெறிநாய்க் கடி. அந்த நோயின் அறிகுறி ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று யார் சொல்ல முடியும்? வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்கிறோம். நாய்க்கு வாய் இருப்பதுதான் அண்டை வீட்டுக்காரரின் புகாரே!

முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரியைப் பற்றி நம் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அது பாரியின் சொந்தத் தேர். வாடகைக்கு எடுத்த தேராக இருந்திருந்தால் அவன் அதைக் கொடியின் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து போயிருக்க முடியுமா? தேர்க்காரனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பான்? நம்முடைய பொருளில் நாம் காட்டும் கருணை வேறு. பிறர் பொருளில் நாம் காட்டும் கருணை வேறு. வாடகை வீட்டில் நாய் வளர்க்கிறவர் காட்டுவது இரண்டாவது வகை. அவருடைய கருணைக்கு இன்னொருவருடைய சுவரும் கதவும் விலை கொடுக்கின்றன. இதை ஒப்புக்கொள்ளாமல் வாதம் செய்தால் அந்த வாதம் நேர்மையாக இராது.

முன்பெல்லாம் இந்தத் தகராறு இவ்வளவு இல்லை. நம் முன்னோர்கள் நம்மைவிடத் தயாளர்களாக இருந்தார்கள் என்பது இதற்குக் காரணம் அல்ல. வீட்டுக்கு வாசல் என்றும் கொல்லை என்றும் இரண்டு இடங்கள் இருந்தன, அதுதான் காரணம். நாய் வாசலுக்குச் சொந்தம். மாடு கொல்லைக்குச் சொந்தம். பூனை ஓட்டுக் கூரைக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே தன் இஷ்டப்படி போய் வந்து கொண்டிருந்தது. யாரும் அவற்றை 'வளர்த்தோம்' என்று சொன்னதில்லை. அவை இருந்தன, அவ்வளவுதான். மிச்சச் சோறு விழுந்தது, அவை தின்றன. பட்டணத்தில் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டத் தொடங்கியபோது முதலில் போனது திண்ணை. பிறகு கொல்லை. நாய்க்கு நிற்க இடம் இல்லை. ஒன்று தெருவில் நிற்க வேண்டும், அல்லது கூடத்துக்குள் வரவேண்டும். வாசல் போனதால் நாய் உள்ளே வந்தது. உள்ளே வந்ததால் உறவாயிற்று. உறவானதால் அதற்கு வாடகை வீடு கிடைக்காமல் போயிற்று.

இங்கே வேறொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் வீடு மறுக்கப்படுவது பிராணிகளுக்கு மட்டுமா? என்ன ஜாதி, என்ன மதம், மாமிசம் சமைப்பீர்களா, கல்யாணம் ஆயிற்றா, தனியாக இருக்கும் பெண்ணா என்று கேட்டுக் கேட்டுக் கதவைச் சாத்துகிற வழக்கம் நமக்குப் புதிதல்ல. நேராகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் ஊர்ப் பெயரையும் தகப்பனார் பெயரையும் விசாரித்துத் தெரிந்து கொள்கிறார்கள். நாயோடு வீடு தேடி அலுத்துப் போன சிலர், "எங்களையும் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. ஜாதியைச் சொல்லி மறுப்பது ஒரு மனிதன் என்னவாகப் பிறந்தான் என்பதற்காக மறுப்பது. அவனுடைய ஜாதி இரவு இரண்டு மணிக்குக் குரைப்பதில்லை; அவனுடைய மதம் கதவைக் கீறுவதில்லை. அந்த மறுப்புக்கு எந்த நியாயமும் இல்லை. நாயை மறுப்பவர் சுட்டிக்காட்டும் தொந்தரவு நடக்கக்கூடிய தொந்தரவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், பெரிய அநியாயத்தைச் சின்னதாக்கிவிடுகிறோம்.

ஆனால் இரண்டு மறுப்புக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு முன்னே தீர்மானிப்பது என்பது அது. "நாயா? வேண்டாம், சார்" என்று சொல்கிறவர் எந்த நாய் என்று கேட்பதில்லை. தெருவில் போகிற எல்லோரையும் பார்த்துப் பாய்கிற நாயும், பகலெல்லாம் தூங்கிவிட்டுச் சாயந்தரம் வால் ஆட்டும் கிழட்டு நாயும் அவருக்கு ஒன்றுதான். வரக்கூடிய தொந்தரவை நிறுத்துப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. நிறுக்காமலே விலை சொல்வதுதான் குறை.

சட்டம் இந்த விஷயத்தில் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்துக்கொண்ட முயற்சியின் தொடர்ச்சியாக 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதே வாரியம் 2015-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: பெரும்பான்மை உறுப்பினர் விரும்பினாலும்கூடக் குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போடக் கூடாது என்று. நல்லதுதான். ஆனால் இது சங்கத்தின் கையைக் கட்டுகிறதே தவிர, தன் வீட்டை யாருக்கு விடுவது என்று தீர்மானிக்கும் சொந்தக்காரரின் கையைக் கட்டவில்லை. சொந்தமாக மாடி வாங்கியவருக்கு அது அரண். வாடகைக்கு வருகிறவருக்கு அது வெறும் காகிதம்.

வேறு சில தேசங்களில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். பிரான்ஸில் 1970-லேயே, குடியிருக்கும் வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த நிபந்தனை செல்லாது என்று சட்டம் செய்தார்கள். வீட்டுக்குச் சேதமும் மற்றவர்களுக்குத் தொந்தரவும் இருக்கக் கூடாது என்பது மட்டும் அதற்கு வரம்பு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013-இல், நாய் பூனை எதுவுமே கூடாது என்று ஒப்பந்தப் படிவத்தில் மொத்தமாக அச்சடித்துவிடுவது செல்லாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், குடியிருப்பவர் பிராணி வளர்க்க அனுமதி கேட்டால் தகுந்த காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது என்கிறது. எல்லாப் பிராணியையும் ஏற்றுக்கொள் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இனத்தைப் பார்த்து மறுக்காதே, நடத்தையைப் பார்த்துத் தீர்மானம் செய் என்பதுதான் இவை எல்லாவற்றிலும் பொதுவான கருத்து.

சரி, சட்டத்தை விடுவோம். வாடகைக்கு இருப்பவரின் மனசாட்சிக்கு வருவோம். "சொந்த வீடு இல்லாதவன் எதற்கு நாய் வளர்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். இது கொடூரமான கேள்வி போலத் தோன்றினாலும் இதில் ஒரு உண்மை இருக்கிறது. நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதப்படுகிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொன்னதால், அதற்குள் அடங்காமல் தப்பிக்க ஏற்பட்ட வழக்கம் இது. 2019-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்று சொல்லியும் 11 மாதம் என்ற கணக்கு நம் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு நாய்க்குட்டியைக் கையில் வாங்குகிறவர் செய்துகொள்வது 11 மாத ஒப்பந்தம் அல்ல. அது பத்து, பன்னிரண்டு, சில சமயம் பதினைந்து வருஷ ஒப்பந்தம். பூனையானால் அதற்கு மேலும் போகலாம். 11 மாதத்துக்கு மேல் தன் கூரைக்கு உத்தரவாதம் இல்லாத மனிதர் பதினைந்து வருஷத்துக்கு இன்னொரு ஜீவனுக்குக் கூரை தருகிறேன் என்று சொல்கிறார். இது துணிச்சல்தான். யோசிக்காமல் சொன்னால் அது பொறுப்பின்மையும்கூட.

ஆனால் இந்தத் தர்க்கத்தை முடிவு வரை கொண்டுபோய்ப் பாருங்கள். நாளைய கூரைக்கு உத்தரவாதம் இல்லாதவன் எந்த ஜீவனுக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்றால், வாடகை வீட்டுக்காரன் கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. பிள்ளை பெறவும் கூடாது. வயதான தாயைக் கிராமத்திலிருந்து அழைத்து வரவும் கூடாது. பட்டா வைத்திருப்பவனுக்குத்தான் பாசம் என்று ஆகிவிடும். மண்ணையும் சுவரையும் சொத்தாக்கினோம், சரி. அன்பையும் அதோடு சேர்த்துப் பத்திரத்தில் எழுதி விற்றுவிட முடியுமா? இல்லாதவனுக்குத்தான் துணை அதிகம் தேவை. பட்டணத்தில் மனைவியை இழந்து, பிள்ளைகள் வெளிநாடு போய், இரண்டு அறையில் தனியாக வாழும் கிழவருக்கு, விடியற்காலையில் எழுந்திருக்க ஒரு காரணமாக இருப்பது பல வீடுகளில் ஒரு நாய்தான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: சொந்த வீடு இல்லாதவரும் பிராணி வளர்க்கலாம், ஆனால் வீட்டை நம்பி அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது, தன்னை நம்பிக் கொடுக்க வேண்டும். வீடு மாறும், வாடகை ஏறும், வாசல்கள் மூடும், எல்லாம் தெரிந்தும் இதைக் கைவிடமாட்டேன் என்கிறவர் மட்டும் குட்டியைத் தொட வேண்டும். ஜீவகாருண்யம் என்பது எல்லா உயிருக்கும் பொதுவானது. தெரு நாய்க்குச் சோறு வைப்பவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் வைக்கலாம். வாக்கு அப்படி அல்ல. அது ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட ஜீவனுக்குப் பட்ட கடன். அதை வேறு யாரும் அடைக்க முடியாது.

அந்தக் கடனை அடைப்பதற்காகப் பொய் சொல்லலாமா? பலர் சொல்கிறார்கள். பூனையை அட்டைப் பெட்டியில் வைத்து இரவோடு இரவாக மாடி ஏற்றுகிறார்கள். வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும் நாளில் குளியலறைக்குள் போட்டுத் தாழிடுகிறார்கள். கேட்டால், குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே என்பார்கள். வள்ளுவர் 'நன்மை' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. குற்றமற்ற நன்மை என்று நிபந்தனை போட்டார். ஒளித்து வைத்த பூனை ஒருநாள் வெளியே வரும். அன்றைக்கு அந்த வீட்டுக்காரர், "பிராணி வைத்திருப்பவர்கள் பொய்யர்கள்" என்று முடிவு கட்டுவார். அந்த முடிவின் பலனை அனுபவிப்பவர், அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிக்கொண்டு அதே வாசலில் வந்து நிற்கப் போகும் வேறொருவர். பின்னால் வருகிறவனின் கதவைச் சாத்திவிட்டு நான் உள்ளே போவது குற்றமற்ற நன்மை ஆகாது.

பொய்யும் சொல்லாமல், கைவிடவும் செய்யாமல் வாழ்ந்தவர் கதை நமக்குத் தெரியும். மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரர் மேரு மலையை நோக்கி நடக்கிறார். மனைவி விழுந்தாள், தம்பிமார் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசி வரை கூட வந்தது ஒரு நாய். இந்திரன் ரதத்தோடு வந்து நிற்கிறான். நாயை விட்டுவிட்டு ஏறு, சொர்க்கத்தில் அதற்கு இடம் இல்லை என்கிறான். யோசித்துப் பார்த்தால், இந்திரன் அன்றைக்குப் பேசியது ஒரு வீட்டுக்காரரின் பேச்சுத்தான். வீடு அவனுடையது, விதி அவனுடையது. தருமபுத்திரர் அவனோடு சண்டை போடவில்லை; விதியை மாற்று என்று கேட்கவில்லை; நாயைப் போர்வைக்குள் ஒளித்து ஏற்றவும் பார்க்கவில்லை. அப்படியானால் எனக்கு இந்த இடம் வேண்டாம் என்றார். மனைவியையும் தம்பிமாரையும் விட்டுவிட்டு வந்தவன் நாயை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று இந்திரன் கேட்டபோது, அவர்கள் இறந்து போனவர்கள், உயிரோடு இருக்கையில் நான் அவர்களைக் கைவிடவில்லை என்பது அவருடைய பதில். நாய் தர்ம தேவதையாக மாறியது என்பது பிற்பாடு நடந்தது. தேவதை என்று தெரிந்து அவர் நிற்கவில்லை. நாய் என்று நினைத்துத்தான் நின்றார். அதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

இது புராணம், நடைமுறைக்கு ஆகாது என்று சொல்லாதீர்கள். 2005-இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோது, பிராணிகளுக்கு இடமில்லை என்று தெரிந்து, அவற்றை விட்டுவிட்டு வெளியேற மறுத்தவர்கள் பலர். அங்கே படகுதான் இந்திரனுடைய ரதம். அடுத்த வருஷமே, 2006-இல், பேரிடர்க் காலத் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளுக்கும் வழி செய்ய வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. சாதாரண ஜனங்களின் பிடிவாதம் விதியை மாற்றியது.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் மாம்பலத்தில் இருபது வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தார். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், காலி செய்யுங்கள் என்று சொன்னபோது அவருடைய நாய்க்கு வயது பதினொன்று. ஏறாத படி இல்லை. ஒரு வீட்டுக்காரர் நல்ல மனிதர், வீடும் பிடித்திருந்தது, வாடகையும் கட்டுபடியாயிற்று. அவர் நாயை ஒருமுறை பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டாராம்: "வயசாயிடுச்சு போலிருக்கே, சார். இன்னும் எத்தனை நாள் இருக்கும்? அதுக்கப்புறம் வந்துடுங்களேன், வீட்டை வேணும்னா ரெண்டு மாசம் நிறுத்தி வைக்கிறேன்." கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல, சலுகை என்று நினைத்துத்தான் கேட்டார். பெரியவர் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். தாம்பரத்துக்கும் அப்பால், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் நடக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வீடு கடைசியில் கிடைத்தது. "ஆஸ்பத்திரிதான் தூரமாகப் போய்விட்டது" என்று சொன்னார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை.

பிராணியைப் பட்டினியும் தாகமும் நேரும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தப் பெரியவர் 50 ரூபாயோடு தப்பித்திருக்கலாம். யாரும் பிடிக்கப் போவதில்லை என்பதால் அதுகூட மிச்சம்தான். அவர் ஆஸ்பத்திரியைத் தூரமாக்கிக் கொண்டது சட்டத்துக்குப் பயந்து அல்ல.

வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் மறுப்பதற்கு உரிமை உள்ளவர்கள். ஆனால் உங்கள் வாசலில் நாயோடு வந்து நிற்கும் மனிதரிடம் நீங்கள் "நாய் வேண்டாம்" என்று சொல்லும்போது, வேறொரு பேச்சும் அதில் சேர்ந்தே போகிறது: கொடுத்த வாக்கை உடைத்துவிட்டு வா, உனக்கு வீடு தருகிறேன் என்பது அது. அப்படி உடைத்துவிட்டு வருகிறவரா உங்களுக்கு நல்ல குடித்தனக்காரர்? மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பேன், சுவரைக் கெடுக்க மாட்டேன், சொன்ன தேதியில் காலி செய்வேன் என்று அவர் சொல்வதெல்லாமும் வாக்குத்தானே?

ஆகையால் எத்தனை பேர் என்று கேட்டதோடு நிறுத்தாமல், இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். மாநகராட்சி உரிமம் இருக்கிறதா, வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை வருஷமாக உங்களோடு இருக்கிறது என்று கேளுங்கள். ஒருமுறை நாயையும் நேரில் பாருங்கள். அதன் பிறகும் மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். வந்தவர் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டார். பல வீடு மாறியும், பல பேரிடம் பேச்சு வாங்கியும், பதினொரு வருஷம் ஒரு ஜீவனைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் பதில் சொன்னால், அவரைப் பற்றி வேறு இடத்தில் விசாரிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.